கான்வியில் மூன்று நாட்கள்

தாய்லாந்துக் கரையில் நான் வேலை பார்த்த ஐஸ் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. ஒரு பையோடு யாங்கோனுக்குத் திரும்பினேன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அம்மாவுக்கு ஓர் அறை உண்டு. ரயில் போகும்போது அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நான் வந்து நாலைந்து நாள் இருக்கும், வேல்ஸில் இருக்கும் தங்கை போன் செய்து தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள். அம்மா சந்தோஷப்படவில்லை. "எத்தனை மாசம்?" என்று மட்டும் கேட்டாள். மூன்று முடிந்துவிட்டது என்றதும் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தங்கை அங்கே போய் நான்கு வருடமாகிறது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை. புருஷன் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது. இதற்கு முன் ஒரு முறை உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. வாடகை அறையில் தனியாக இருந்தபோது நடந்தது. பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள். அந்தப் பத்து நாளும் தினம் போன் செய்து, மழை பெய்கிறதா, அம்மா சாப்பிட்டாளா என்றெல்லாம் வழக்கம்போலப் பேசியிருக்கிறாள். அம்மாவால் இன்றுவரை அதைத் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா எழுந்து வந்து சொன்னாள்: "இந்தத் தடவை நான் பக்கத்துல இருக்கணும். ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் குளிப்பாட்டியாச்சு. எம் பொண்ணு பெக்கறப்ப ஒரு ஆள் இல்லன்னா என்னடா அர்த்தம்?"

அம்மா இருபது வருடம் ஒரு பிரசவ விடுதியில் ஆயாவாக இருந்தவள். அந்த வேலை போன பிறகு வீடுகளுக்குப் போய்ப் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவாள். தமிழர், பர்மியர், சீனர், முஸ்லிம், எந்த வீடானாலும் முதல் நாற்பது நாள் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் நடந்தால், மீசை வைத்த ஆம்பிளைகள் நின்று சிரிப்பார்கள். அவர்களையும் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவள்.

விசா வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரியில் கிளீனர், வடக்கே கல் சுரங்கத்தில் மண் அலசுவது, மீன்பிடிப் படகு, ஐஸ் தொழிற்சாலை. எந்த இடத்திலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. அப்பா இறந்தபோதும் நான் இல்லை. அதனால் இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே ஒரு பெண் விண்ணப்பங்கள் நிரப்பித் தருவாள். தமிழ் முஸ்லிம் குடும்பம், தாத்தா காலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள். தமிழும் பர்மியமும் இங்கிலீஷும் ஒரே வேகத்தில் பேசுவாள். அம்மாவை உட்கார வைத்து, "மாமி, போறதுக்குக் காரணம் என்னன்னு போடட்டும்?" என்றாள்.

"மகளுக்குப் பிரசவம்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அந்த வார்த்தைய இந்தக் கடையோட விட்டுட்டுப் போயிருங்க. பிரசவம்னு எழுதினா, பிள்ளை வளக்க வர்றாங்க, திரும்பிப் போகமாட்டாங்கன்னு நினைப்பாங்க. ஊர் பாக்கப் போறேன்னு எழுதுங்க. ஆறு வாரம் மகளோட, அதுல ஒரு மூணு நாள் கடலோரமா ஒரு ஊரு. கோட்டை, கடல், அப்படி ஏதாவது. நாள் நாளா என்ன செய்வீங்கன்னு ஒரு திட்டம் வேணும். ஓட்டல் புக்கிங்கும் வேணும்."

"ஊர் சுத்தறதுக்கு எழுதி வேற வைப்பாங்களா?"

"அங்கல்லாம் எழுதி வச்சுத்தான் சுத்துவாங்க மாமி. உங்க மகன் மாதிரி கிளம்பிப் போயிட மாட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான் நாலு ஊரு பாத்தவராமே. நீங்களே எழுதிக் கொண்டாங்க. அப்புறம், மாமி மூஞ்சியக் கொஞ்சம் சரி பண்ணுங்க. ஊர் சுத்தப் போற மூஞ்சியா இது?"

வீடு திரும்பியதும் அம்மா மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியபடி, "பொய் சொல்லிட்டுப் போய்ப் பிள்ளையத் தூக்கணுமா?" என்றாள்.

"பொய் இல்லம்மா. நிஜமாவே மூணு நாள் போயிட்டு வந்துடுங்க. அப்ப உண்மையாயிடும்."

அம்மா யோசித்தாள். அது அவளுக்குச் சரியாகப் பட்டது.

ஊரைத் தங்கைதான் சொன்னாள். கான்வி. அவள் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். "இல்லத்துல இருக்கற பாட்டிங்கள ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்கண்ணா. எனக்கு அன்னிக்கு டூட்டி இல்ல. திரும்பி வந்து ஒரு வாரம் அதையேதான் பேசினாங்க." தினம் எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி ஆகும்போது அவளுக்குக் காலை எட்டரை. வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிடுவாள்.

என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பயணத் திட்டம் அதுதான். அதுவரை, லாரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறேன். இப்போது மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருப்பேன். தெருவில் யாராவது "மீ லாபீ!" என்று கத்துவார்கள், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். போனைச் சார்ஜில் போட்டு, வி.பி.என். வழியாக வரைபடத்தைத் திறந்து, கான்வியின் தெருக்களில் விரலால் நடப்பேன். எட்டுக் கோபுரம் உள்ள கோட்டை. எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஊரைச் சுற்றி மதில், அதன் மேல் ஏறி நடக்கலாம். கோட்டைக்குக் கீழே ஆறு கடலில் கலக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற டாலாக் கரை மாதிரில்ல இருக்கு? இதப் பாக்கவா ஏரோப்ளேன்ல போறாங்க?"

படகுத்துறையில் சிவப்பு வண்ணம் அடித்த ஒரு வீடு இருந்தது. அந்த நாட்டிலேயே மிகச் சின்ன வீடாம். இரண்டு கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஆறடிக்கு மேல் உயரமான மீனவர் ஒருவர் கடைசியாக அதில் குடியிருந்தாராம். இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். இதை நான் படித்துச் சொன்னதும் அம்மா சிரித்தாள். நான் திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டிக்கெட்டா? நம்ம ரூமுக்கு வரச் சொல்லுடா. இங்கயும் ஒரு நெட்டையன் கால் நீட்ட முடியாமப் படுத்திருக்கான்னு எழுதிப் போடு."

திட்டத்தை நான் பர்மியத்தில் எழுதினேன். முதல் நாள்: மதியம் ரயிலில் வந்து சேர்தல். அங்கே சில ரயில்கள் நாம் சொன்னால்தான் நிற்குமாம், அதனால் 'கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல்' என்று எழுதினேன். பிறகு, 'உள்ளூர் வார்டு ஆபீஸில் இரவு தங்குவதைத் தெரிவித்தல்'. மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்புதல். இரண்டாம் நாள் கோட்டை, மாலை ஆறு மணிக்குள் அறை. மூன்றாம் நாள் மதில், சின்ன வீடு, படகுத்துறையில் உட்கார்ந்திருத்தல், ஆறு மணிக்குள் அறை.

ஜெராக்ஸ் கடைப் பெண் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, அங்க எந்த ஆபீஸுக்கும் போய்ச் சொல்ல வேண்டாம்."

"ராத்திரி தங்கறதுக்குக்கூடவா?"

"ராத்திரி தங்கறதுக்கும்தான். அப்புறம் இந்த ஆறு மணி என்னத்துக்கு? அங்க ஊரடங்கெல்லாம் கிடையாது, எட்டு மணிக்கும் வெயில் அடிக்கும்."

அவள் அந்த வரிகளை அடித்துவிட்டாள். எங்கள் ஊரில் வேறொரு வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். ஒரு மனிதர் ஓர் ஊருக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் மூன்று இரவு படுத்து எழுந்து வரலாம் என்பது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நானே அம்மாவின் அறையில் இரவு விருந்தாளியாகப் பதிவு செய்யாமல்தான் இருந்தேன். குடும்பப் பட்டியலில் என் பெயர் எப்போதோ அடிபட்டுப்போயிற்று. வயது முப்பத்தெட்டு. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருப்பதுதான் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்தக் காலத்தில் நல்லது என்று நினைத்தேன். வார்டு ஆபீஸ் இருக்கும் சந்து வழியாகக்கூட நடப்பதில்லை.

அம்மா முன்பு எங்காவது சுற்றிப் பார்த்த போட்டோ இருந்தால் விண்ணப்பத்தோடு வைக்கலாம் என்றாள் அந்தப் பெண். அப்படிப் போட்டோ எதுவும் இல்லை. அம்மா வெளியூர் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். அதனால் ஒரு சனிக்கிழமை போட்டோ எடுப்பதற்காகவே நாங்கள் இருவரும் ஆற்றைக் கடந்தோம். அம்மா கோவிலுக்குப் போகும் வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். படகிலேயே மழை பிடித்துக்கொண்டது. டாலாவில் இறங்கியதும் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர் ஒருவர் அம்மாவின் சேலையைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டில் சாவு என்று பர்மியத்தில் விசாரித்தார்.

"சாவு இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம்" என்றேன்.

"இந்த மழையிலா? டாலாவையா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் குனிந்து, "இவன் யார் உங்களுக்கு? மகன்தானே?" என்று கேட்டார். நான் அம்மாவை எங்காவது விட்டுவிட்டுப் போகக் கூட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பானை செய்யும் ஊரான த்வாண்டேக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

எந்தப் போட்டோவிலும் அம்மா சிரிக்கவில்லை. கால்வாய்க் கரையில் நிற்க வைத்தேன், பகோடா வாசலில் நிற்க வைத்தேன். எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல வந்தன. கடைசியில் ஒரு பானைப் பட்டறைக்குள் மழைக்கு ஒதுங்கினோம். அங்கே அகல வாய் கொண்ட ஒரு மண் தொட்டி இருந்தது. அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்தாள். முழங்கையை உள்ளே விட்டு அளந்தாள். "பிள்ளை குளிப்பாட்டத் தண்ணி ஊத்தி வச்சா சூடு சட்டுனு ஆறாது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன், அதைத்தான் விண்ணப்பத்தில் வைத்தோம். தொட்டியை விமானத்தில் கொண்டு போக முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்காமல் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்குள் அவளுக்கும் கான்வி பிடித்துப்போயிற்று. இரண்டு மணிக்குத் தங்கை கூப்பிட்டால், உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு அடுத்தபடி அதைப் பற்றித்தான் பேச்சு.

"அந்த மதில் மேல எத்தனை படி? கைப்பிடி இருக்கா?"

"இருக்கும்மா. நான் மெதுவா ஏறிடுவேன்."

"நீ ஏற வேண்டாம். கீழ பெஞ்சில உக்காந்துக்க. நான் ஏறிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"அறுபத்தாறு வயசுல நீங்க ஏறுவீங்க, நான் உக்காந்திருக்கணுமா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைச்சா என்ன? அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

அப்படி அம்மா பேசி நான் கேட்டதேயில்லை.

கடைசியாக ஒரே ஒரு காகிதம் பாக்கி இருந்தது. இவர் இந்த வார்டில் குடியிருப்பவர், நல்ல நடத்தை உள்ளவர் என்று வார்டு ஆபீஸில் தரும் சிபாரிசுக் கடிதம். இங்கே எதற்குப் போனாலும் அது வேண்டும். நான் கூடப் போயிருக்க வேண்டும். சந்து முனைவரை போய் நின்றுகொண்டு அம்மாவை மட்டும் உள்ளே அனுப்பினேன். அரைமணி நேரத்தில் கவரோடு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அந்த கிளார்க் தம்பி எனக்குச் சேர் போட்டான்டா. அவனோட ரெண்டு பொண்ணும் நான் குளிப்பாட்டினதுதானே. நல்லா எழுதித் தந்திருக்கான்."

நான் கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தக் கடிதங்கள் எனக்குத் தெரியும். சுரங்கத்துக்குப் போக, எல்லை கடக்க, அறை எடுக்க என்று என் வாழ்நாளில் பத்து இருபது வாங்கியிருக்கிறேன். பெயரையும் ஊரையும் தவிர எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் இருக்கும். நேராக மொழிபெயர்ப்பவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் இங்கிலீஷில் தட்டச்சு செய்து முத்திரை போட்டுத் தந்தார். அதை அப்படியே மற்ற காகிதங்களோடு சேர்த்து, அம்மாவை விசா மையத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகை கொடுக்க வைத்தேன். நான் எழுதிய மூன்று நாள் திட்டம் அழகாக அச்சாகி மேலே இருந்தது. கடிதம் அடியில் எங்கோ இருந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். தங்கைக்கு ஏழாம் மாதம் முடிந்தது. கப்பலில் இருந்த மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காது என்று உறுதியாயிற்று. அம்மா தினமும் பையை எடுத்து அடுக்கிவிட்டு, மறுபடி பிரித்து அடுக்குவாள். ஓமம், சுக்கு, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். இதெல்லாம் பெட்டியில் இருந்தால் பிரசவம் என்று தெரிந்துவிடும் என்று நான் சொன்னதும், ஓமத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். துணிகளை எடுக்கவில்லை.

பாஸ்போர்ட் திரும்பி வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது நான் தனியாகப் போய் வாங்கினேன். கூடவே ஓர் இங்கிலீஷ் கடிதம் இருந்தது. முதல் வரியிலேயே மறுத்துவிட்டார்கள் என்பது எனக்கே புரிந்தது. மற்றதைப் படிக்கத் தெரியாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அந்தப் பெண் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு, "அண்ணே, வார்டு கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள்.

"எப்பவும் எழுதறதுதான்."

"இல்லண்ணே. கட்டோட மிஷின்ல போட்டப்ப அதுக்கும் ஒரு நகல் எடுத்து வச்சேன், படிக்கல. பாப்போம்." கட்டிலிருந்து எடுத்தாள். நானும் அப்போதுதான் படித்தேன். கிளார்க் வழக்கமான வாசகத்துக்குக் கீழே, தன் கையால் அரைப் பக்கம் எழுதியிருந்தார். இந்த அம்மாள் முப்பது வருடமாக எங்கள் வார்டில் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர், என் பிள்ளைகள் உட்பட. இப்போது தூர தேசத்தில் தனியாக இருக்கும் தன் சொந்த மகளின் பிரசவத்தைப் பார்க்கப் போகிறார். மகள் உடல் தேறும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வார். தயவுசெய்து அனுமதி கொடுங்கள்.

அவர் கேட்டிருப்பார், அம்மா உண்மையைச் சொல்லியிருப்பாள். அந்த ஆபீஸில் பொய் சொல்ல வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை.

"சுத்திப் பாக்கப் போறோம்னு ஒரு காகிதம் சொல்லுது, பிள்ளை பாக்கப் போறோம்னு இன்னொரு காகிதம் சொல்லுது. உண்மையான காரணத்தை மறைச்சிருக்கீங்க, நம்ப முடியலன்னு எழுதியிருக்காங்க" என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "மொதல்லயே பிரசவம்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப எனக்கே தெரியலண்ணே" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதம் வந்த அன்றே அதை நான்தான் அவளிடம் படிக்கக் கொடுத்திருக்க வேண்டும். மொழிபெயர்க்க வைத்து, முத்திரை வாங்கிக் கட்டோடு கொடுத்தவன் நான். சந்து முனையில் ஒளிந்து நின்றவனும் நான்.

அறைக்கு வந்து, "வயசு கூடிப்போச்சாம்மா. அதான் இல்லன்னுட்டாங்க" என்றேன்.

அம்மா பையிலிருந்த துணிகளை எடுத்து மண் தொட்டிக்குள் வைத்து, அதன் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

கான்வியில் எடுத்திருந்த அறையைத் தங்கை ரத்து செய்யவில்லை. "நீ அவ்வளவு எழுதியிருக்க அண்ணா. நான் மட்டுமாவது போயிட்டு வரேன். லீவும் போட்டாச்சு" என்றாள். வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அவள் கேட்கவில்லை. எட்டாம் மாதத்தில், தனியாக, நான் எழுதிய நாளில், நான் எழுதிய ரயிலில் போனாள். முதல் நாள் அறையிலிருந்து ஒரு செய்தி: கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ரயில் நின்றது.

மறுநாள் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை. காற்றில் முடி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கோட்டையப் பாருங்கம்மா." போனைத் திருப்பினாள். நான் விரலால் நடந்த இடமெல்லாம் குலுங்கிக் குலுங்கித் தெரிந்தது. "அந்தா, சின்ன வீடு. இன்னும் திறக்கல."

"உன்னக் காட்டு" என்றாள் அம்மா.

"இருங்கம்மா, படகு காட்டறேன். சேத்துல கிடக்கு பாருங்க, டாலா மாதிரியே."

"படகு கிடக்கட்டும். உன் மூஞ்சியக் காட்டு." அவள் காட்டினாள். அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் போனைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டு போனாள். "கண்ணு ஏன் வீங்கியிருக்கு?"

"தூக்கம் சரியில்ல."

"செருப்பக் கழட்டு. காலைக் காட்டு."

"எல்லாரும் போறாங்க வர்றாங்கம்மா."

"கழட்டுடீ!"

அவள் கழற்றிக் காட்டினாள். கணுக்கால் இருக்கும் இடமே தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தச் சொன்னாள் அம்மா. அழுத்திய இடத்தில் குழி விழுந்தது, அது மேலே வரவில்லை. தலைவலி இருக்கிறதா என்றாள். நேற்றிலிருந்து இருக்கிறது, ரயிலில் வந்ததால் இருக்கும் என்றாள் தங்கை. கண் முன்னால் பூச்சி பறக்கிறதா என்றாள். தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"எழுந்திரு. ரூமுக்குப் போகாத. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போ. யாரையாவது கூப்பிட்டு வழி கேளு."

"நாளைக்கு மதில்..."

"போடீன்றேன்ல!"

அந்த நேரம் இங்கே கரண்ட் போனது. கட்டடத்து மேலிருந்த போன் கோபுரமும் நின்று, இணைப்பு அறுந்தது. அடுத்து அவள் குரலைக் கேட்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா சன்னல் பக்கம் நின்றுகொண்டேயிருந்தாள். நான் மாடிக்கும் தெருவுக்கும் ஏறி இறங்கி, சிக்னல் கிடைக்கும் இடம் தேடினேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மோசமான நாட்களைக் கழித்திருக்கிறேன். அவற்றில் எதையும் அந்த ஐந்து மணி நேரத்தோடு வைத்துப் பேச மாட்டேன்.

ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்ததால் ஆஸ்பத்திரியில் அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஆனால் மூச்சு நன்றாக இருந்தது. கூட யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டதாகவும், ஒருவரும் இல்லை என்று தான் சொன்னதாகவும் தங்கை போனில் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, அம்மா ரவா கேக் வாங்கி வரச் சொன்னாள். வார்டு ஆபீஸுக்கு என்றாள். "நீயும் வா. எத்தனை நாள் ஒளிஞ்சுக்கிட்டே இருப்ப? உன் பேரையும் எழுதிட்டு வந்துடலாம்." இந்த முறை நான் சந்து முனையில் நிற்கவில்லை.

கிளார்க் என்னைவிடச் சின்னவர். அம்மாவை, பர்மியர்கள் தாயைக் கூப்பிடுவதுபோல, "அமே" என்று கூப்பிட்டுச் சேர் போட்டார். பேத்தி பிறந்த செய்தியைக் கேட்டுக் கைகூப்பினார். பிறகு என்னிடம், "மற்றவர்களுக்கெல்லாம் அச்சில் இருப்பதைத்தான் தருவேன். அமேக்கு மட்டும் நானே யோசித்து எழுதினேன். அந்த நாட்டில் அதைப் படித்தார்களா?" என்று கேட்டார்.

"படித்தார்கள்" என்றேன்.

"பின் ஏன் விடவில்லை?"

"என் வயசுதான்" என்று அம்மா பர்மியத்தில் சொன்னாள். "உன் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை மகனே."

அவர் வருத்தத்தோடு விருந்தாளிப் பதிவேட்டை எடுத்து என் பெயரை எழுதினார். தங்குவதற்கான காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவராகவே 'தாயாரைக் கவனிக்க' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்து இரண்டாவது மாடியில் அம்மா நின்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வயசுன்னுதான் எழுதியிருந்தாங்களா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அடுத்த தடவை ஒரு நாலஞ்சு வயசக் குறைச்சு எழுத முடியாதாடா?"

கேக் கொண்டு போன காலி டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன்.